பெயர் வைத்தவருக்கு நற்பெயரில் பங்கு இல்லை

'ட்ரீம்கேர்ள்ஸ்' (2006) படம் பார்த்தவர்களுக்கு எஃபி என்ற பாத்திரம் மறந்திருக்காது. மூன்று பெண்கள் சேர்ந்து பாடும் குழுவில் நல்ல குரல் அவளுடையதுதான். ஆனால் முன்னால் நிற்க இன்னொருத்தியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எஃபியை வெளியேற்றுகிறார்கள். கையில் ஒரு பெண் குழந்தை, வறுமை, பிறகு தனியாகப் பாடி எழுந்து வருகிறாள். கடைசியில் பழைய தோழிகளோடு மீண்டும் ஒரே மேடை. தியேட்டரில் கைதட்டல். ஜெனிஃபர் ஹட்சனுக்கு ஆஸ்கர்.

அந்தப் பாத்திரத்துக்குப் பின்னால் ஒரு நிஜ மனுஷி இருக்கிறார். பெயர் ஃபிளாரன்ஸ் பல்லார்ட். 'தி சுப்ரீம்ஸ்' குழுவைத் தொடங்கியவர். அந்தப் படத்துக்காகக் கோல்டன் குளோப் வாங்கியபோது ஹட்சன் விருதை இவருக்குத்தான் சமர்ப்பித்தார். படத்தின் முதல் பாதியும் இவர் வாழ்க்கையும் ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டாம் பாதிதான் வேறு. நிஜத்தில் அந்த எழுச்சி நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. குடி, சோம்பல், பொறாமை, விதி என்று பலரும் பல காரணம் எழுதியிருக்கிறார்கள். நமக்குத் தெரிந்தது கணக்குப்பதிவியல். அதனால் நான் கொஞ்சம் கணக்குப் பக்கமாகப் போய்ப் பார்க்கிறேன் :-)

முதலில் ஒரு சின்ன பிளாஷ்பேக்.

1943 ஜூன் 30, டெட்ராய்ட். பதிமூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் பிறந்தார் ஃபிளாரன்ஸ். வீட்டில் 'புளாண்டி', வெளியில் 'ஃபிளோ'. கறுப்பினத் தொழிலாளர் குடும்பங்களுக்காக அரசு கட்டிய புரூஸ்டர்-டக்ளஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்தார். (நம்ம ஊர் ஹவுசிங் போர்டு குடியிருப்பைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.) கார் தொழிற்சாலை ஊர், சர்ச் பாட்டு, தெருமுனையில் பையன்கள் கூடிப் பாடும் பழக்கம். அந்த ஊரில் அன்று பாடத் தெரியாதவர்களைத் தேடுவதுதான் கஷ்டம் போலிருக்கிறது.

'தி பிரைம்ஸ்' என்று ஒரு ஆண்கள் குழு. பின்னாளில் 'டெம்டேஷன்ஸ்' ஆனவர்களில் இருவர் அதில்தான் இருந்தார்கள். அவர்களுடைய மேனேஜர் மில்டன் ஜென்கின்ஸ், இதற்கு ஜோடியாக ஒரு பெண்கள் குழு வேண்டும் என்று நினைத்தார். 1959ல் ஃபிளாரன்ஸின் பாட்டைக் கேட்டார், பிடித்துவிட்டது. பள்ளிப் பாட்டுப் போட்டியில் பழக்கமான மேரி வில்சனை ஃபிளாரன்ஸ் கூப்பிட்டார். பிறகு டயானா ராஸும் பெட்டி மெக்ளோனும் வந்து சேர்ந்தார்கள். குழுவின் பெயர் 'பிரைமெட்ஸ்'. அப்போது ஃபிளாரன்ஸுக்குப் பதினாறு வயதுகூட ஆகியிருக்குமா தெரியாது, அவ்வளவு சின்னப் பெண்.

அடுத்த ஆண்டு, 1960ல், அவர் பாலியல் வன்முறைக்கு ஆளானார். வெகுநாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. மேரி வில்சன் 1986ல் எழுதிய தன்வரலாற்றில் இதைச் சொல்கிறார். அதற்குப் பிறகு ஃபிளாரன்ஸ் யாரையும் எளிதில் நம்பாத பெண்ணாகிவிட்டார் என்கிறார். அந்தக் காலத்தில் கவுன்சிலிங் என்ற பேச்சே கிடையாது. திரும்பி வந்து பாட ஆரம்பித்தார், அவ்வளவுதான். 1967ல் அவர் ஏன் அப்படி நடந்துகொண்டார் என்று கேட்பவர்கள் இந்த 1960ஐயும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

இப்போது மோடவுன். பெர்ரி கார்டி என்பவர் 1959ல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கித் தொடங்கிய கம்பெனி. வெஸ்ட் கிராண்ட் புலவார்டில் ஒரு சாதாரண வீடு. அதன் வாசலில் 'ஹிட்ஸ்வில் யு.எஸ்.ஏ' என்று போர்டு. இந்தப் பெண்கள் வாய்ப்புக் கேட்டுப் போனபோது, முதலில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார் கார்டி. இவர்கள் விடவில்லை. பள்ளி விட்டதும் தினமும் அங்கே போய் உட்கார்ந்துகொண்டு, யாருடைய பாட்டுக்காவது கைதட்டல் தேவைப்பட்டால் தட்டிக் கொடுத்துவிட்டு வருவார்கள். 1961 ஜனவரியில் ஒப்பந்தம் கிடைத்தது. ஒரே நிபந்தனை, 'பிரைமெட்ஸ்' என்ற பெயர் வேண்டாம்.

ஒரு காகிதத்தில் சில பெயர்கள் எழுதி வந்தன. அதிலிருந்து 'சுப்ரீம்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தவர் ஃபிளாரன்ஸ். மற்றவர்களுக்கு அது பிடிக்கவில்லை, ஆண்கள் குழு மாதிரி இருக்கிறது என்று முனகினார்கள். ஆனாலும் அதுவே நிலைத்தது. இந்தச் சம்பவத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையே இதில்தான் இருக்கிறது.

1961ல் வந்த அவர்களுடைய இரண்டாவது சிங்கிள் 'பட்டர்ட் பாப்கார்ன்'. அதில் முன்னணிக் குரல் ஃபிளாரன்ஸ். ஓடவில்லை. அடுத்தடுத்து வந்தவையும் ஓடவில்லை. 'ஹிட் இல்லாத சுப்ரீம்ஸ்' என்று கம்பெனிக்குள்ளேயே கிண்டல். இதற்கு நடுவில் 1962ல் இரண்டு சம்பவங்கள். பெட்டிக்குப் பதிலாக வந்திருந்த பார்பரா மார்ட்டின், குடும்பம்தான் முக்கியம் என்று விலகிப் போனார். அதோடு குழு மூவர் ஆனது. இன்னொன்று, மோடவுனின் இன்னொரு பெண்கள் குழுவான 'மார்வலெட்ஸ்'ஸில் வாண்டா யங் பிரசவத்துக்காக விடுப்பில் இருந்தபோது, அவருக்குப் பதிலாக ஊர் ஊராகப் போய்ப் பாடியவர் நம்ம ஃபிளாரன்ஸ்! வாண்டா குழந்தை பெற்றுக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பி வந்தார். அப்படி ஒரு ஏற்பாடு அந்தக் கம்பெனியில் சாத்தியமாகத்தான் இருந்தது. இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1963 கடைசியில் டயானா ராஸ்தான் இனி முன்னணிப் பாடகி என்று கார்டி முடிவு செய்தார். ஃபிளாரன்ஸின் குரல் பெரியது, சர்ச்சில் வளர்ந்த குரல். டயானாவின் குரல் மெல்லியது, கூர்மையானது, டிரான்சிஸ்டரில் தனியாகக் கேட்கும். வியாபாரமாகப் பார்த்தால் கார்டியின் முடிவு தப்பு என்று சொல்ல முடியாது. 1964ல் 'வேர் டிட் அவர் லவ் கோ' முதலிடம் பிடித்தது. அதிலிருந்து வரிசையாக ஐந்து பாடல்கள் அமெரிக்காவில் முதலிடம். பீட்டில்ஸ் அலை உச்சத்தில் இருந்த நேரம் அது! 1967க்குள் மொத்தம் பத்து முதலிடங்கள். பத்திலும் ஃபிளாரன்ஸ் இருக்கிறார், பின்குரலாக.

மேடையில் மட்டும் அவருக்கு ஒரு பாட்டு இருந்தது, 'பீப்பிள்'. நாளடைவில் அதுவும் கையைவிட்டுப் போனது. அவருடைய பருமனை வைத்து மேடையிலேயே ஒரு ஜோக் அடிப்பார்கள். அவரும் பதிலுக்கு ஒரு போடு போடுவார். ஜனங்கள் சிரிப்பார்கள். ராத்திரிக்கு ராத்திரி அதே ஜோக்.

சரி, கணக்குக்கு வருவோம்.

பி.காம் படிப்பவர்களுக்கு ராயல்டி கணக்குகள் என்று ஒரு பாடம் உண்டு. சுரங்கம், குறைந்தபட்ச வாடகை, ஷார்ட் வொர்க்கிங்ஸ்... பரீட்சைக்கு முதல் நாள் தலையைச் சுற்ற வைக்குமே, அதுதான். அதில் முன்பணமாகக் கொடுத்த வாடகையைப் பின்னால் வரும் ராயல்டியில் கழித்துக்கொள்வார்கள். இசைத்தட்டுத் தொழிலிலும் கிட்டத்தட்ட இதே வேலைதான். ரெக்கார்டிங் செலவு முதலில் கம்பெனி போடும். பிறகு பாடகரின் ராயல்டியிலிருந்து கழித்துக்கொள்ளும். கழித்து முடித்த பிறகு மிச்சம் வருவது பாடகருக்கு. அந்தச் சதவீதமும் சின்னது, மூன்று பேருக்குப் பிரியும். ஓடாத பாட்டின் செலவையும் ஓடுகிற பாட்டிலிருந்து கழித்துக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பாட்டு எழுதியவருக்கு ஒரு ராயல்டி, பாடியவருக்கு வேறு ராயல்டி. சுப்ரீம்ஸின் அந்தப் பத்துப் பாடல்களும் ஹாலந்து-டோசியர்-ஹாலந்து என்ற மூவர் கூட்டணி உருவாக்கியவை. பதிப்புரிமை ஜோபெட் என்ற கம்பெனிக்கு. ஜோபெட்டும் கார்டியுடையதுதான். அமெரிக்காவில் சாதாரண ஏ.எம்., எஃப்.எம். வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும்தான் பணம். பாடியவருக்குக் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. ஆக, உலகமே கேட்டு ஆடிய பாட்டுக்கு ரேடியோவிலிருந்து ஃபிளாரன்ஸுக்கு வந்தது பூஜ்யம்.

இதற்கு மேல், கலைஞர்களின் மேனேஜரும் மோடவுன்தான். அவர்களுடைய வரவுசெலவைப் பார்ப்பதும் மோடவுன்தான். கையில் கொடுப்பது வாரச் செலவுக்கு அலவன்ஸ். சம்பளம் கொடுப்பவரிடமே போய், "அவர் எனக்கு எவ்வளவு பாக்கி?" என்று கேட்கிற நிலைமை. ஆடிட்டிங் பாடத்தில் 'தணிக்கையாளரின் சுதந்திரம்' என்று பக்கம் பக்கமாக ஏன் எழுதியிருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

கம்பெனி தரப்பையும் சொல்ல வேண்டும். நாகரிகப் பயிற்சிக்கு மாக்சின் பவல், நடனத்துக்குச் சோலி அட்கின்ஸ், உடைகள், விளம்பரம் என்று ஒவ்வொன்றிலும் மோடவுன் காசு இறைத்தது. ஹவுசிங் போர்டு பெண்கள் எட் சல்லிவன் ஷோவிலும் கோபகபானாவிலும் நின்றார்கள் என்றால் அது சும்மா நடக்கவில்லை. 1965ல் மூன்று பேருமே டெட்ராய்டில் ஒரே தெருவில் சொந்த வீடு வாங்கினார்கள்.

1966லிருந்து ஃபிளாரன்ஸ் குடிக்க ஆரம்பித்தார். நிகழ்ச்சிகளுக்கு வராமல் போனார். 1967 ஏப்ரலில் ஹாலிவுட் பவுல் நிகழ்ச்சியில் அவர் இடத்தில் சிண்டி பேர்ட்சாங் நின்றார். கோடையில் குழுவின் பெயரே 'டயானா ராஸ் அண்டு தி சுப்ரீம்ஸ்' என்று மாறியது. லாஸ் வேகாஸ் ஃபிளமிங்கோ ஹோட்டலோடு ஃபிளாரன்ஸின் கதை முடிந்தது. அவருக்கு அப்போது 24 வயது, அதாவது நம்மில் பலர் முதல் வேலைக்கு அலைகிற வயது.

1968 பிப்ரவரியில் கணக்கு முடித்தார்கள். பத்து முதலிடங்களுக்கு, ஏழு வருஷத்துக்கு, மொத்தமாக ஒரே தடவையில் 1,39,804 டாலர் 94 சென்ட். (அந்த 94 சென்ட்டைப் பாருங்கள், எவ்வளவு நேர்மையான கணக்கு!) அன்றைய நிலவரத்தில் அது சின்னத் தொகை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதோடு வந்த ஒரு நிபந்தனை இருக்கிறதே, அதுதான் என் கண்ணில் பட்டது. இனிமேல் எந்த விளம்பரத்திலும் தான் சுப்ரீம்ஸில் இருந்தவர் என்று அவர் சொல்லிக்கொள்ளக் கூடாது.

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் 'கூட்டாளி விலகல்' பாடம் படித்திருப்பீர்கள். ஒரு கூட்டாளி விலகும்போது முதலில் என்ன செய்கிறோம்? நற்பெயரை மதிப்பிடுகிறோம். கண்ணுக்குத் தெரியாத சொத்து, ஆனாலும் சொத்து. அந்த நற்பெயரை உருவாக்க விலகுகிறவரும் உழைத்திருக்கிறார், அதனால் அதில் அவருக்குப் பங்கு உண்டு. அவர் மூலதனக் கணக்கில் வரவு வைத்துத்தான் அனுப்ப வேண்டும். இது ஒரு ஐந்து மார்க் கேள்வி.

சட்டப்படி பார்த்தால் ஃபிளாரன்ஸ் கூட்டாளி கிடையாது. ஒப்பந்தத்தில் பாடிய கலைஞர். பெயர் கம்பெனியின் சொத்து. அதனால் ஐந்து மார்க் விடை இங்கே செல்லாது. பெயரைத் தேர்ந்தெடுத்தவர் அவர். அந்தப் பெயருக்குப் பத்து முதலிடங்கள் சேர்ந்தபோது உடன் நின்றவர் அவர். வெளியே வரும்போது நற்பெயரில் பங்கு கிடைக்காதது ஒரு பக்கம், அது தன் வாழ்க்கையில் நடந்தது என்று சொல்லும் உரிமைகூட இல்லை. பயோடேட்டாவில் ஏழு வருட வேலை அனுபவத்தை அடித்துவிட்டு வேலை தேடச் சொன்னால் எப்படி இருக்கும்?

அந்த மாதக் கடைசியில் ஃபிளாரன்ஸுக்குக் கல்யாணம். கணவர் மோடவுனில் டிரைவராக இருந்தவர். அவரே மனைவிக்கு மேனேஜரும் ஆனார். அடுத்த மாதம், மார்ச்சில், ஏபிசி ரெக்கார்ட்ஸ் அவரைத் தனிப்பாடகியாக ஒப்பந்தம் செய்தது. அந்த ஆண்டிலேயே இரண்டு சிங்கிள்கள் வந்தன. 'இட் டஸ்ன்ட் மேட்டர் ஹவ் ஐ சே இட்', 'லவ் எயின்ட் லவ்'. இரண்டும் பட்டியலில் ஏறவே இல்லை. அக்டோபரில் இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. அதாவது, புதுப் பாடகியாக ரேடியோ ஸ்டேஷன் ரேடியோ ஸ்டேஷனாக ஏறி இறங்கி முகம் காட்ட வேண்டிய மாதங்கள் எல்லாம் கர்ப்பகாலம். இரட்டைக் குழந்தைகளுக்கு மூன்று மாதம் ஆனபோது, 1969 ஜனவரியில், வாஷிங்டனில் ஜனாதிபதி நிக்சனின் பதவியேற்பு விழா விருந்தில் பாடினார். பாட முடியாமல் போகவில்லை, பாருங்கள். ஒரு முழு ஆல்பத்துக்கான பாடல்களும் பதிவாகி இருந்தன. ஏபிசி அதை அலமாரியில் வைத்துப் பூட்டியது. 1970ல் ஒப்பந்தம் முடிந்தது. 1971ல் மூன்றாவது பெண் பிறந்தாள்.

"குழந்தைகள் வந்ததும் பாட்டு போய்விட்டது" என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பக்கத்திலேயே ஒப்பிட ஆள் இருக்கிறாரே! டயானா ராஸ் 1970 ஜனவரியில் சுப்ரீம்ஸிலிருந்து விலகித் தனியானார். அதே ஆண்டு 'எயின்ட் நோ மவுன்டன் ஹை இனஃப்' முதலிடம். 1971, 1972, 1975 என்று அவருக்கும் மூன்று பெண் குழந்தைகள். அதற்கு நடுவில்தான் 'லேடி சிங்ஸ் தி புளூஸ்' படம், ஆஸ்கர் பரிந்துரை, மேலும் முதலிடங்கள். இருவரும் மூன்று பெண்களுக்குத் தாய். இருவரும் ஒரே குடியிருப்பு, ஒரே குழு. வித்தியாசம் எங்கே? டயானா விலகுவதற்கு இரண்டரை வருடம் முன்பே அவர் பெயரைக் குழுவின் பெயருக்கு முன்னால் ஒட்டிவிட்டார்கள். நற்பெயர் அவர் கணக்குக்கு மாற்றப்பட்ட பிறகுதான் அவர் வெளியே வந்தார். கம்பெனியும் கூடவே வந்தது. குழந்தை பிறந்தால் காத்திருக்கவும், அதற்குச் செலவு செய்யவும் ஆட்கள் இருந்தார்கள். டயானாவின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை, அவர் உழைப்பு அசாத்தியம். ஆனால் ஃபிளாரன்ஸ் 1968ல் வெளியே வந்தபோது, கேட்பவர்களுக்கு அவர் பெயரே தெரியாத ஒரு புதுப் பாடகி. இரண்டு பாட்டு ஓடவில்லை என்றால் புதுப் பாடகிக்கு மூன்றாவது வாய்ப்பு யார் தருவார்கள்?

அதற்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கவே கஷ்டமாக இருக்கும். செட்டில்மென்ட் பணத்தைத் தன் வழக்கறிஞர் சரியாகக் கையாளவில்லை என்று சண்டை. 1971ல் மோடவுன் மேல் 87 லட்சம் டாலர் கேட்டு வழக்கு. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுக் கணக்கு முடித்துவிட்டீர்களே என்று அது தள்ளுபடி. கணவரோடு பிரிவு. தோழிகளோடு ஒரே தெருவில் வாங்கிய அந்த வீடு கடனில் போனது. 1975ல் பத்திரிகைகளில் செய்தி வந்தது. முன்னாள் சுப்ரீம்ஸ் பாடகி மூன்று பெண் குழந்தைகளோடு அரசு உதவித்தொகையில் வாழ்கிறார் என்று. சொல்லக் கூடாது என்று தடுக்கப்பட்ட அந்தப் பட்டத்தைக் கடைசியில் பத்திரிகைக்காரர்கள்தான் அவருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள், இப்படி ஒரு தலைப்புச் செய்திக்காக.

நடுவில் 1974ல் மேரி வில்சன் அவரைக் கலிஃபோர்னியாவுக்கு வரவழைத்தார். சுப்ரீம்ஸ் நிகழ்ச்சியில் மேடைக்கும் ஏற்றினார். ஃபிளாரன்ஸ் பாடவில்லை. டாம்பரின் மட்டும் தட்டினார்.

1975 நடுவில் கொஞ்சம் வெளிச்சம். பழைய வழக்கறிஞர் விவகாரத்தில் ஒரு தொகை கிடைத்தது. வீடு வாங்கினார், கணவரும் திரும்பி வந்தார். ஜூனில் டெட்ராய்டின் ஃபோர்டு ஆடிட்டோரியத்தில் ஒரு நிகழ்ச்சி. ஜோன் லிட்டில் என்ற கறுப்பினப் பெண், சிறையில் தன்னைப் பாலியல் வன்முறை செய்ய வந்த காவலரைக் கொன்றதாக வழக்கை எதிர்கொண்டிருந்தார். அவருடைய வழக்குச் செலவுக்கான கச்சேரி அது. அந்த மேடையில் ஃபிளாரன்ஸ் மீண்டும் தனியாகப் பாடினார். மேலே 1960 பற்றி எழுதியதை நினைத்துக்கொண்டால், எத்தனையோ மேடைகள் இருக்க இந்த மேடைக்கு அவர் ஏன் வந்தார் என்று விளக்கத் தேவையில்லை. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

1976 ஜனவரியில் டயானா ராஸின் 'மஹாகனி' படப் பாடல் முதலிடத்தில் இருந்தது. பிப்ரவரி 21 அன்று கைகால் மரத்துப்போகிறது என்று ஃபிளாரன்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போனார். மறுநாள் காலை இறந்துவிட்டார். இதயத்தின் ரத்தக் குழாயில் அடைப்பு. வயது 32. மூத்த பெண்களுக்கு ஏழு, இளையவளுக்கு இன்னும் சின்ன வயது.

1988ல் சுப்ரீம்ஸ் 'ராக் அண்டு ரோல் ஹால் ஆஃப் ஃபேம்'மில் சேர்க்கப்பட்டபோது மேரி வில்சன் மேடைக்கு வந்தார். ஃபிளாரன்ஸுக்காக அவருடைய பெண் ஒருத்தி வந்தாள். டயானா வரவில்லை. மேரி வில்சன் 2021ல் இறக்கும்வரை ஒரு விஷயத்துக்காக விடாமல் போராடினார். ஒரு குழுவின் பெயரை, அதில் பாடாதவர்கள் வைத்துக்கொண்டு கச்சேரி செய்யக் கூடாது என்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் சட்டம் வர அவர் ஒரு முக்கியக் காரணம். பெயர் யாருடையது என்ற கேள்வி அந்தத் தெருவில் எல்லோரையும் ஏதோ ஒரு விதத்தில் தொட்டிருக்கிறது.

ஏபிசி பூட்டி வைத்த ஆல்பம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். முப்பது வருடத்துக்கும் மேல் கழித்து, 2000களின் தொடக்கத்தில், சிடியாக வந்தது. கேட்டுப் பாருங்கள். சில பாடல்களில் இசை அமைப்பு ரொம்ப சாதாரணம், மோடவுன் பளபளப்பு இல்லை. குரல் மட்டும் ஒவ்வொரு பாட்டிலும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறது. கேட்க ஆரம்பிப்பவர்கள் 'பட்டர்ட் பாப்கார்ன்' கேட்டுவிட்டு 'லவ் எயின்ட் லவ்' கேளுங்கள், நடுவில் ஏழு வருஷம். சிடியின் அட்டையில் போட்டிருக்கும் தலைப்பு: 'தி சுப்ரீம் ஃபிளாரன்ஸ் பல்லார்ட்'.